பெயரும் எண்ணும் பகுத்தெடுத்தல்: விரிதாளிற் சொற்கூறு காணும் முறை

ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு உரிய உடைமைகளுள் தலையாயது யாது என வினவின், மண்டபம் என்பார் சிலர். நிதி என்பார் சிலர். பெயர்ப் பதிவேடு என்பதே நமது விடை. எவரெவர் இங்குப் பயின்றனர், எந்த ஆண்டிற் பயின்றனர், எவ்வூரினர், யாருடைய மைந்தர் என்பவற்றைப் பின்வருவோர் அறிதற்கு அதுவே வாயில். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியுண்டதையும், 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே வீடு வாசல் விட்டுப் பெயர்ந்ததையும் கண்ட குடாநாட்டினர்க்கு ஏட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

விழாக் காலங்களில் இப்பதிவேட்டைத் திருத்திப் புதுக்குவது வழக்கம். இந்நாளில் அப்பணி கணினியின் விரிதாளிலேயே நடைபெறுகின்றது. கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய இடங்களிலிருந்து வரும் பட்டியல்கள் ஒரே வடிவின அல்ல. பட்டம், முதலெழுத்து, பெயர் ஆகிய மூன்றும் ஒரே கலத்தினுள் நெருங்கிக் கிடக்கும். ஊரும் நகரும் ஒரே வரியில் நிற்கும். அவற்றை வெவ்வேறு நிரல்களிற் பகுத்து வைத்தாலன்றி ஊர்வாரியாகவோ ஆண்டுவாரியாகவோ வரிசைப்படுத்துதல் இயலாது. ஆயிரம் பெயரைக் கையாற் பகுக்கப் பல இரவுகள் செல்லும். ஒரு சூத்திரம் அதனை நொடியிற் செய்துவிடும். அச்சூத்திரம் எவ்வாறு தொழிற்படுகின்றது, எவ்விடத்தில் அதனை நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

விரிதாளின் இயல்பு

கணக்கர் பயன்படுத்திய கோடிட்ட பேரேட்டைக் கணினியில் முதன்முதற் பரவலாக வழங்கச் செய்தவர்கள் டான் பிறிக்லின், பொப் பிராங்ஸ்ரன் என்னும் அமெரிக்கர் இருவர். அவர்கள் ஆக்கிய விசிகல்க் என்னும் செயலி 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3 என்பதும், 1985இல் எக்செல் என்பதும் தொடர்ந்தன. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரேஒஃபிஸ் செயலியிலும் விரிதாள் உண்டு. இங்குக் கூறும் அடிப்படை முறைகள் யாவற்றுக்கும் பொது.

விரிதாளின் குறுக்கு வரிசை நிரை எனப்படும். நெடுக்கு வரிசை நிரல் எனப்படும். இரண்டும் சந்திக்கும் பெட்டி கலம். நிரல்களுக்கு ஆங்கில எழுத்துகளும் நிரைகளுக்கு எண்களும் பெயராகும். ஆகவே ஏ2 என்பது முதலாம் நிரலின் இரண்டாம் நிரையில் உள்ள கலத்தின் முகவரி. சமக் குறியுடன் தொடங்குவது சூத்திரம். சூத்திரத்தில் வழங்கும் ஆங்கிலப் பெயருடைய கருவிகளைச் சார்புகள் என்பர். அப்பெயர்களை இங்கு ஒலிபெயர்த்து எழுதுகின்றோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டுதல் வேண்டும்.

ஒரு கலத்தில் எழுதப்பட்டதை நாம் பெயரென்றும் ஊரென்றும் காண்கின்றோம். பொறியோ அதனை ஒரு சரமாகக் காண்கின்றது. நூலிற் கோத்த மணிகளைப் போலக் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கின்றன. வெற்றிடமும் ஒரு மணி, புள்ளியும் ஒரு மணி. இத்தனையாவது மணி யாது என வினவினால் அது தவறாது கூறும். இம்மணி தந்தையின் பெயரைக் குறிப்பதா, ஊரைக் குறிப்பதா என வினவினால் அதற்கு விடை தெரியாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டவர் விரிதாளில் வழுக்குதல் அரிது.

சரத்தை அறுக்கும் சார்புகளுள் முதன்மையானவை ஐந்து. லெஃப்ற் என்பது இடப்புறமிருந்து வேண்டிய அளவு குறிகளை எடுக்கும். றைற் என்பது வலப்புறமிருந்து எடுக்கும். மிட் என்பது நடுவில் ஓரிடந் தொடங்கி எடுக்கும். லென் என்பது சரத்தின் மொத்த நீளத்தைக் கூறும். ஃபைண்ட் என்பது ஒரு குறி எத்தனையாவது இடத்தில் உள்ளதெனத் தேடிக் கூறும். ஏனைய உத்திகள் யாவும் இவ்வைந்தின் கூட்டுறவே.

அடையாள அட்டை எண்

சூத்திரம் பிழையின்றித் தொழிற்படும் இடத்துக்கு நம் சட்டைப்பையிலேயே உதாரணம் உண்டு. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972ஆம் ஆண்டு முதல் இலங்கையில் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. பழைய அட்டையின் எண்ணில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தொன்றும் உள. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் ஈற்றிரண்டு இலக்கங்கள். அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். அதனை அடுத்த மூன்று இலக்கங்கள் வரிசையெண். ஒன்பதாவது இலக்கம் சரிபார்க்கும் எண்.

விளக்கத்துக்காக 532170000வீ என்னும் எண்ணைக் கொள்வோம். எவருக்கும் உரியதாகாதவாறு வரிசையெண்ணைச் சுழியமாக அமைத்துள்ளோம். இது ஏ2 கலத்தில் இருப்பின், பிறந்த ஆண்டைப் பெறுதற்குரிய சூத்திரம்:

="19"&லெஃப்ற்(ஏ2,2)

இதன் விடை 1953. இணைப்புக் குறியானது இரு சரங்களை ஒன்றாக்குகின்றது. பழைய வடிவ எண் பெற்றோர் சென்ற நூற்றாண்டிற் பிறந்தோர் ஆதலின் 19 என முன்னே சேர்த்தோம். நாளெண்ணைப் பெறுதற்கு:

=வல்யூ(மிட்(ஏ2,3,3))

மூன்றாம் இடந் தொடங்கி மூன்று குறிகளை எடுத்தல் என்பது இதன் பொருள். விடை 217. வல்யூ என்பதை ஏன் சேர்த்தோம் எனின், அறுத்தெடுத்த துண்டு எண்போலத் தோன்றினும் பொறிக்கு அது சரமே. கூட்டல் கழித்தல் செய்தற்கு அதனை எண்ணாக மாற்றுதல் நன்று. விடை 500க்கு மேற்படின் 500ஐக் கழித்துக்கொள்க. ஆசிரியைமார் பெயரும் அடங்கிய பட்டியலுக்கு இது வேண்டப்படும்.

இனி 217ஆம் நாள் எந்த மாதத்து எந்தத் திகதி? இங்கு ஒரு நுட்பம் உண்டு. அடையாள அட்டையில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் எனக் கொண்டே நாள்கள் எண்ணப்படுகின்றன. 1953 நெட்டாண்டு அன்று. ஆகவே டேற்(1953,1,217) எனப் பொறியை வினவினால் அது ஓகஸ்ட் 5 என்னும். உண்மையான பிறந்த நாளோ ஓகஸ்ட் 4. ஒரு நெட்டாண்டைக் கொண்டு டேற்(2000,1,217) என வினவி, அவ்விடையிலிருந்து மாதத்தையும் நாளையும் மாத்திரம் எடுத்தல் வேண்டும். சூத்திரத்தில் எழுத்துப் பிழை இல்லாதிருந்தும் விடை ஒரு நாள் பிழைக்கக் காண்கின்றோம். எண்ணை வகுத்தவர் கொண்ட விதியை அறியாது அதனைப் பகுத்தல் ஆகாது என்பதற்கு இது சான்று.

2016ஆம் ஆண்டு தொடக்கம் புதிய அட்டைகளில் எண் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. ஆண்டு நான்கு இலக்கமாக முழுமையாய் எழுதப்படுகின்றது. வரிசையெண்ணும் நான்கு இலக்கமாயிற்று. இறுதி எழுத்து நீங்கிற்று. பழைய எண்ணைப் புதிய வடிவுக்கு மாற்றுவோர் முன்னே 19 சேர்த்து, ஐந்தாம் இலக்கத்தின் பின் ஒரு சுழியம் இட்டு, எழுத்தை விடுவர்:

="19"&லெஃப்ற்(ஏ2,5)&"0"&மிட்(ஏ2,6,4)

நாம் எடுத்த எண் இதனால் 195321700000 ஆகும். நம் பட்டியல்களில் இருவகை எண்ணும் கலந்து கிடக்குமாதலால், நீளத்தை அளந்து வழி பிரித்தல் வேண்டும்:

=இஃப்(லென்(ஏ2)=12, லெஃப்ற்(ஏ2,4), "19"&லெஃப்ற்(ஏ2,2))

நீளம் பன்னிரண்டாயின் முதல் நான்கை எடுக்க, அன்றேல் 19 சேர்த்து முதலிரண்டை எடுக்க என்பது கட்டளை.

தொலைபேசி எண்ணில் வேறொரு வகை இடர் உண்டு. யாழ்ப்பாணத்தின் பிரதேசக் குறியீடு 021. அதனை ஒரு கலத்தில் வாளா தட்டினால், பொறி அதனை எண்ணெனக் கொண்டு முன்னுள்ள சுழியத்தைப் பயனற்றதென விலக்கிவிடும். பின்னர் முதல் மூன்று குறிகளை எடுத்தால் 021க்குப் பதிலாக 212 போன்ற ஒன்று வரும். ஆகவே தொலைபேசி எண், அடையாள எண், சேர்விலக்கம் ஆகியவற்றுக்குரிய நிரல்களை, தரவு இடுவதற்கு முன்னரே, எழுத்து வகையினவாக அமைத்துக்கொள்க.

குறியைக் கண்டு பகுத்தல்

அடையாள எண்ணில் ஒவ்வொரு கூறுக்கும் நிலையான இடமுண்டு. ஊருக்கும் பெயருக்கும் அத்தகைய அளவு இல்லை. கோப்பாய் குறுகிய பெயர், வண்ணார்பண்ணை நீண்டது. இவ்விடத்தில் எண்ணிக்கையை விடுத்து எல்லைக் குறியைத் தேடுகின்றோம். "வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்" என ஏ2இல் இருப்பின் காற்புள்ளியே எல்லை:

=லெஃப்ற்(ஏ2, ஃபைண்ட்(",",ஏ2)-1)

காற்புள்ளி நிற்கும் இடத்தைக் கண்டு, அதற்கு ஒன்று குறைவான குறிகளை எடுத்தால் ஊர்ப்பெயர் கிடைக்கும். காற்புள்ளிக்குப் பிற்பட்டதை எடுத்தற்கு:

=ட்ரிம்(மிட்(ஏ2, ஃபைண்ட்(",",ஏ2)+1, லென்(ஏ2)))

ட்ரிம் என்பது முன்னும் பின்னும் ஒட்டியுள்ள வெற்றிடங்களைத் துடைக்கும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த பெயர்களில் 160 என்னும் எண்ணுடைய வேறொரு வெற்றிடம் மறைந்திருப்பதுண்டு. அது ட்ரிம்முக்கு அகப்படாது. சப்ஸ்டிடியூட் என்னும் மாற்றுச் சார்பால் அதனை முதலிற் பொது வெற்றிடமாக்குதல் வேண்டும்.

பெயரிலோ எல்லைக் குறி புள்ளி. புள்ளிகள் எத்தனை எனச் சொல்லல் அரிது. க. கைலாசபதி என்பதில் ஒன்று, சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதில் இரண்டு. இறுதிப் புள்ளிக்குப் பிற்பட்டதே பெயர் எனக் கொண்டால், அதனைப் பெறுதற்கு விரிதாள் வல்லோர் கையாளும் உத்தி ஒன்றுண்டு:

=ட்ரிம்(றைற்(சப்ஸ்டிடியூட்(ஏ2,".",றெப்ற்(" ",100)),100))

உள்ளிருந்து வெளியே வாசித்தால் இதன் பொருள் தெளிவாகும். ஒவ்வொரு புள்ளியையும் நூறு வெற்றிடங்களாக மாற்றுகின்றோம். அதனாற் பெயரின் துண்டுகள் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகி நிற்கின்றன. பின்னர் வலப்புறமிருந்து நூறு குறிகளை எடுக்கின்றோம். அவ்வெல்லைக்குள் இறுதித் துண்டு மாத்திரமே அகப்படும். வெற்றிடங்களைத் துடைத்தால் தாமோதரம்பிள்ளை என்னும் பெயர் தனித்து நிற்கும். மைக்ரோசொஃப்ட் 365இல் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட ரெக்ஸ்ற்ஆஃப்ரர் என்னும் சார்பு இதனையே சுருக்கமாகச் செய்யும்:

=ரெக்ஸ்ற்ஆஃப்ரர்(ஏ2,".",-1)

பிரிந்த பெயர் பி2 கலத்தில் இருப்பின், முழுப் பெயரின் நீளத்திலிருந்து அதன் நீளத்தைக் கழித்து இடப்புறம் எஞ்சியதை எடுத்தால் முதலெழுத்துகள் கிடைக்கும்:

=ட்ரிம்(லெஃப்ற்(ஏ2, லென்(ஏ2)-லென்(பி2)))

தமிழெழுத்தும் பொறியின் எண்ணிக்கையும்

இதுகாறும் கூறியவை எம்மொழிக்கும் பொருந்துவன. தமிழுக்கே உரிய இடர் இனி வருகின்றது.

யாழ்ப்பாணம் என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? யா, ழ், ப், பா, ண, ம் என ஆறு என்று கீழ்வகுப்பு மாணவனும் கூறுவான். லென் என்னும் சார்போ பதினொன்று என்னும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலிருந்து தமிழுக்கு அமைந்த குறியீட்டு முறையே இதற்குக் காரணம். அம்முறையில் ககரம் ஒரு குறி. கா என்பது ககரமும் காலும் சேர்ந்த இரு குறி. க் என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறி. இலக்கணத்தார் உயிர்மெய்யை ஓரெழுத்தெனக் கொள்வர். பொறி அதனைப் பெரும்பாலும் இரண்டெனக் கொள்ளும். கெ என்பதில் ஒற்றைக் கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினும், பொறியின் நினைவில் அது ககரத்துக்குப் பின்னரே நிற்கின்றது.

இதனால் விளைவது யாது? தந்தையின் முழுப் பெயர் ஒரு நிரலில் உள்ளது. அதன் முதலெழுத்தை மாத்திரம் அச்சிட வேண்டும் எனக் கொள்வோம். ஆங்கில நூல்கள் கூறும் வழி லெஃப்ற்(ஏ2,1) என்பதே. தமிழ்த் திறனாய்வுலகில் இணைத்துப் பேசப்படும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் இருவரை நினைவு கூர்க. கனகசபாபதியின் மைந்தர் கைலாசபதி. கார்த்திகேசுவின் மைந்தர் சிவத்தம்பி. முன்னவர் க. கைலாசபதி எனவும், பின்னவர் கா. சிவத்தம்பி எனவும் ஒப்பமிட்டு எழுதியதைத் தமிழுலகம் அறியும். மேற்கூறிய சூத்திரம் இருவருக்கும் "க" என்றே விடை தரும். கார்த்திகேசுவின் கால் அறுந்து போகின்றது. பொறி எச்சரிக்கை செய்யாது. பிழையெனக் காட்டும் குறியும் தோன்றாது. அச்சில் வரும் க. சிவத்தம்பி என்பது குறையின்றி எழுதப்பட்ட பெயர் போலவே தோற்றும். இல்லாத ஒரு தந்தையின் மகனாக ஒருவர் பதிவேட்டில் நிற்பார்.

சூத்திரத்தைத் தமிழுக்கு இயையத் திருத்தலாம். யூனிகோட் அட்டவணையில் தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006 முதல் 3021 வரையுள்ள எண்களுக்குள் அடங்கும். இரண்டாம் இடத்தில் நிற்பது அவற்றுள் ஒன்றாயின் இரு குறிகளை எடுக்க, அன்றேல் ஒன்றை எடுக்க எனக் கட்டளையிடல் வேண்டும்:

=இஃப்(அன்ட்(யூனிகோட்(மிட்(ஏ2,2,1))>=3006, யூனிகோட்(மிட்(ஏ2,2,1))<=3021), லெஃப்ற்(ஏ2,2), லெஃப்ற்(ஏ2,1))

கார்த்திகேசு என்பதில் இரண்டாம் குறி கால். அதன் எண் 3006. ஆகவே "கா" என விடை வரும். கனகசபாபதி என்பதில் இரண்டாம் குறி னகரம். ஆகவே "க" என வரும். இரண்டும் முறையே சரி. யூனிகோட் என்னும் சார்பு எக்செலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உண்டு.

ஆயினும் இத்திருத்தமும் முடிந்த முடிபன்று. ஸ்ரீ எனத் தொடங்கும் பெயருக்கு இது "ஸ்" என்றே தரும். ஏனெனில் ஸ்ரீ நான்கு குறிகளால் ஆயது. கௌரி போன்ற பெயர்களை ஔகாரக் குறியாற் தட்டாது, ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சூத்திரமோ பின்னதிலிருந்து "கெ" என எடுக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்களின் நிலை இதனினும் வேறு. அங்கு உள்ளே கிடப்பன ஆங்கிலக் குறிகள். தமிழுரு மேற்போர்வை மாத்திரமே. கொம்பும் மெய்க்கு முன்னரே பதிந்திருக்கும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே பகுக்கத் தொடங்குதல் வேண்டும்.

நம் முன்னோர்க்கு இவ்விடர் முற்றிலும் புதிதன்று. ஏட்டுச் சுவடியில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகிக் கிடந்தது. ரகரமும் காலும் ஒரு வடிவாய் நின்றன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. சொற்களிடையே வெற்றிடமும் இல்லை. அவற்றைப் பதம் பிரித்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) முதலியோர் பல ஏடுகளை ஒப்புநோக்கி, பொருளறிந்து, ஐயுற்ற இடத்தை ஐயமென்றே குறித்துப் பணி புரிந்தனர். சரத்தை எங்கு அறுப்பது என்னும் வினா அவர்கள்முன் நின்றது போலவே இன்று பதிவேடு தொகுப்போர்முன்னும் நிற்கின்றது. சூத்திரத்தின் விரைவோடு அவர்களது விழிப்பும் சேர்தல் வேண்டும்.

சூத்திரம் அறியாதவை

மேற்கூறிய தாமோதரம்பிள்ளையின் முதலெழுத்துகளையே நோக்குக. "வை" என்பது தந்தையார் வைரவநாதரைக் குறிப்பது. "சி" என்பது பிறந்த ஊராகிய சிறுப்பிட்டியைக் குறிப்பது. இரண்டும் புள்ளியோடு ஒரே வடிவில் நிற்கின்றன. எது ஊர், எது தந்தை எனச் சொல்லும் சூத்திரம் இல்லை. சேர் பொன். இராமநாதன் (1851–1930), அவர் தம்பியார் சேர் பொன். அருணாசலம் (1853–1924) என்னும் இருவர்க்கும் தந்தை பொன்னம்பலம். அவர்கள் பெயர்முன் நிற்பது பொ. என்னும் ஓரெழுத்தன்று, பொன். என்னும் குறுக்கம், அதற்கு முன் சேர் என்னும் பட்டமும் உண்டு. முதலெழுத்து என்றால் ஓரெழுத்துத்தான் எனக் கொண்ட சூத்திரம் இங்குப் பிழைக்கும்.

ஆங்கில முதலெழுத்துகளை ஒலிபெயர்த்து எழுதும் வழக்கம் இன்னொரு திரை. எஸ். எனத் தொடங்கும் பெயரில் அவ்வெழுத்து சின்னத்தம்பியையும் குறிக்கலாம், செல்லையாவையும் குறிக்கலாம், சுப்பிரமணியத்தையும் குறிக்கலாம். கலத்தினுள் இல்லாத ஒன்றை எச்சூத்திரமும் வெளியே எடுத்துத் தராது.

கடல் கடந்து வாழும் நம்மவர் பட்டியல்களிலே பெயர்களின் வரிசையே மாறி வருகின்றது. தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைப்பது நம் வழக்கம். மேனாட்டுப் படிவங்கள் தன் பெயரை முன்னும் குடும்பப் பெயரைப் பின்னும் கேட்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லையாதலால் தந்தை பெயரை அவ்விடத்தில் இடுகின்றனர். பொன்னம்பலத்தின் மைந்தர் இராமநாதன் இந்நாளில் ரொறன்ரோவில் அத்தகைய படிவமொன்றை நிரப்பியிருந்தால், இராமநாதன் பொன்னம்பலம் எனப் பதியப்பட்டிருப்பார். இறுதிச் சொல்லே பெயர் எனக் கொண்ட சூத்திரம் அவரைப் பொன்னம்பலம் ஆக்கிவிடும். மகனிருக்க வேண்டிய நிரையில் தந்தை அமர்வார். கணக்கிலே பிழை நேர்ந்தால் கூட்டுத்தொகை காட்டிக் கொடுக்கும். பெயரிலே நேர்ந்த பிழையைக் காட்டிக் கொடுப்பது அவரை அறிந்த ஒருவரின் கண் மாத்திரமே. அவ்வாறு அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை நினைக்குந்தோறும் இப்பணியின் அவசரம் நமக்குப் புலனாகின்றது.

கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகள்

இவற்றையெல்லாம் கருதிப் பதிவேடு தொகுக்கும் அன்பர்க்குச் சில ஒழுங்குகளைக் கூறுவோம்.

முதலாவது, வந்த பட்டியலை வந்தவாறே ஒரு நிரலில் வைத்துக்கொள்க. பகுத்தெடுத்தவை யாவும் வேறு நிரல்களில் அமைக. மூலத்தின்மேற் திருத்தம் எழுதியவர்க்கு மீளும் வழி இல்லை.

இரண்டாவது, இனி அனுப்பும் படிவங்களிலேயே தன் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு எனத் தனித்தனிக் கட்டம் இடுக. பதியும் நேரத்திற் பகுத்து வைத்ததைப் பின்னர் பகுக்க வேண்டுவதில்லை. முதலெழுத்தை மட்டும் கேளாது தந்தையின் முழுப் பெயரையும் கேட்டு வைத்தல் சாலச் சிறந்தது. முழுப் பெயரிலிருந்து முதலெழுத்தைப் பெறலாம். முதலெழுத்திலிருந்து முழுப் பெயரைப் பெறல் இயலாது.

மூன்றாவது, சூத்திரத்தை ஆயிரம் நிரைக்கு இழுத்து விடுமுன், வேறுபட்ட பத்துப் பெயர்களிற் சோதித்துப் பார்க்க. புள்ளி இல்லாத பெயர், இரு புள்ளியுள்ள பெயர், பட்டமுள்ள பெயர், ஸ்ரீ எனத் தொடங்கும் பெயர், கடல் கடந்து வந்த பெயர் ஆகியன அவற்றுள் அடங்குக. சில மாதிரிகளைக் கண்டு ஏனையவற்றைத் தானே நிரப்பும் வசதி ஒன்றும் எக்செலில் 2013 முதல் உண்டு. அது விடையை மட்டும் இட்டுச் செல்லும். எவ்விதியால் அவ்விடை வந்தது என்பதைக் கலத்தில் விட்டுச் செல்லாது. சூத்திரமாயின் பின்வருவோர் அதனைத் திறந்து ஆராயலாம்.

நான்காவது, அடையாள எண்ணிலிருந்து ஒருவரின் பிறந்த நாளும் ஆண், பெண் என்னும் குறிப்பும் வெளிப்படுதலை மேலே கண்டோம். ஆதலின் அவ்வெண் அடங்கிய பட்டியலைப் பலர்க்கும் அனுப்புதல் தகாது. ஆண்டு மாத்திரம் வேண்டின் ஆண்டை எடுத்து, அதனை வெறும் விடையாக ஒட்டி, எண்ணிருந்த நிரலை நீக்கிய பின்னரே பட்டியலை அனுப்புக.

ஐந்தாவது, அச்சுக்குச் செல்லுமுன் ஒவ்வொரு வகுப்பாண்டின் பட்டியலையும் அவ்வாண்டிற் பயின்ற ஒருவரிடம் காட்டுக. இவர் கா. அல்லவோ, க. என இருக்கின்றதே என அவர் கூறும் ஒரு சொல் எல்லாச் சூத்திரங்களினும் மேலானது.

மாணவர்காள், இக்கலை கணக்குப் பாடத்துக்கு மட்டும் உரியதன்று. இலக்கணம் பயின்றவனே தமிழ்ச் சரத்தை எங்கு அறுக்கலாம் என்பதை அறிவான். கணினி பயின்றவனே அதனை ஆயிரம் நிரைக்கு ஒருங்கே செய்வான். இரண்டும் ஒருவனிடத்தே அமைந்தால் நம் சங்கத்துக்கு மாத்திரமன்றி, கோவிற் கணக்குக்கும், வாசிகசாலைப் பட்டியலுக்கும், கூட்டுறவுச் சங்க ஏட்டுக்கும் அவன் பயன்படுவான். பழைய மாணவர்காள், நீவிர் செய்ய வேண்டுவது எளிது. உம் பெயரையும் உம் தந்தையார் பெயரையும் முழுமையாக, உமக்கு உரிய வரிசையில், தமிழில் எழுதி அனுப்புக. உம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்று இன்று இல்லாதவர்களின் பெயர்களையும் நினைவுகூர்ந்து அவ்வாறே எழுதுக. அவை சரியாகக் கலத்துள் வந்து சேர்ந்தால், எஞ்சிய வேலையைச் சூத்திரம் செய்து முடிக்கும்.